நிலாவில் தெரியும் கறுப்புத் திட்டுகள் என்ன, நிலா எந்தக் கல்லால் ஆனது?

கேள்வி இதுதான்: சின்ன வயதில் பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டினார்களே, நிலாவில் தெரிகிற அந்தக் கறுப்புத் திட்டுகள் உண்மையில் என்ன, நிலா முழுக்க ஒரே மண்தானா, பள்ளங்கள் எப்படி வந்தன, சந்திரயான் போய் என்ன கண்டுபிடித்தது? நாலு கேள்விகள் போலத் தெரிந்தாலும் முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் மற்றதில் பாதி தானாக வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற பகுதி ஒரு வகைக் கல், கறுப்பாகத் தெரிகிற பகுதி வேறொரு வகைக் கல். அவ்வளவுதான். கறுப்பு என்றதும் நிழல் என்றோ ஆழமான பள்ளம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள், அது சரியில்லை. வெளிச்சமான மேட்டு நிலம் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறக் கல்லால் ஆனது. கறுப்புத் திட்டுகள் பசால்ட் என்ற எரிமலைப் பாறை; மகாராஷ்டிரத்தில் தக்காணப் பீடபூமி முழுக்கப் பரவிக் கிடக்கிறதே, அதே குடும்பம். நிலாவின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம்தான் இந்தக் கறுப்புப் பாறை. ஆனால் அதில் பெரும்பகுதி நம்மைப் பார்த்த பக்கத்திலேயே இருப்பதால், நமக்குத் தெரிகிற முகத்தில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பாக இருக்கிறது. மறுபக்கத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு தேறினால் அதிகம்.

தொலைநோக்கி வந்த புதிதில் அந்தக் கறுப்பைக் கடல் என்று எடுத்துக்கொண்டார்கள். 1651-இல் ரிச்சோலி என்ற இத்தாலியப் பாதிரியார் வெளியிட்ட நிலா வரைபடத்தில் வைத்த பெயர்கள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: அமைதிக் கடல், மழைக் கடல், புயல் பெருங்கடல் என்று. அங்கே நீர்ப்பரப்பு எதுவும் கிடையாது, உறைந்த எரிமலைக் குழம்புதான். நானும் கீழே அதே பெயர்களைத்தான் சொல்லப்போகிறேன், வேறு வழியில்லை.

இரண்டு கற்களில் எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளைக் கல்லின் கதை. 1969 ஜூலை 20-ஆம் தேதி அப்போலோ 11 இறங்கியது அமைதிக் கடலில், அதாவது முழுக்க முழுக்கக் கறுப்புப் பாறை உள்ள இடத்தில். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கொண்டுவந்தது 22 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புறப்படும் முன் பாறைகளை அடுக்கிய பெட்டியில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் கூடுதலாகச் சில அகப்பை மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டார். அந்த மண் பூமிக்கு வந்து ஆய்வுக்கூடங்களுக்குச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போனது. ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகத்தில் ஜான் வுட் என்பவரின் குழு தங்களுக்குக் கிடைத்த மண்ணைச் சலித்து, அதிலிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்து வகை பிரித்தது. எதிர்பார்த்தபடியே பெரும்பாலும் கறுப்பு, பசால்ட். ஆனால் நூற்றுக்கு நாலைந்து துணுக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது. எல்லாம் அரிசி நொய் அளவுக்கும் கீழே.

வேறு யாராக இருந்தாலும் கலப்படம் என்று ஒதுக்கியிருக்க வாய்ப்புண்டு. வுட் குழுவினர் அப்படி விடவில்லை. இந்த வெள்ளைத் துணுக்கு இங்கே பிறந்ததில்லை, எங்கோ தூரத்தில் விண்கல் மோதித் தெறித்து வந்திருக்க வேண்டும், பக்கத்தில் வெள்ளையாக இருப்பது மேட்டு நிலம்தான், ஆகவே மேட்டு நிலம் முழுக்க இந்தக் கல்லாகத்தான் இருக்கும் என்று சொன்னார்கள். அதோடு நிற்காமல் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள்: ஒரு கோளின் மேல்தோல் முழுக்க இந்த ஒரே கல்லாக அமைய வேண்டுமென்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த முதல் நிலா அறிவியல் மாநாட்டில் அவர்கள் வைத்த விடை, நிலா பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது. ஒரு பொட்டலம் மண்ணிலிருந்து ஒரு முழுக் கோளின் பிறப்புக்குப் போனார்கள். அறிவியலில் இவ்வளவு துணிச்சலான, அதே சமயம் இவ்வளவு சரியாக அமைந்த ஊகங்கள் குறைவு என்பது என் கருத்து.

அந்தக் குழம்புக் கடல் குளிரும்போது கனிமங்கள் ஒரே நேரத்தில் கெட்டியாவதில்லை. முதலில் ஒலிவின், பைராக்சீன் என்ற இரும்பும் மெக்னீசியமும் கலந்த கனமான படிகங்கள் உருவாகி அடியில் இறங்கின. முக்கால்வாசிக் குழம்பு உறைந்த பிறகுதான் பிளேஜியோகிளேஸ் என்ற படிகம் வரத் தொடங்கியது. கால்சியமும் அலுமினியமும் நிறைந்தது, தன்னைச் சுற்றியிருந்த குழம்பைவிட எடை குறைந்தது. அதனால் அது மேலே மிதந்து வந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி, மேலே ஒரு வெள்ளைத் தோலாகச் சேர்ந்துகொண்டது. பிளேஜியோகிளேஸ் குவிந்து உண்டான கல்தான் அனார்த்தோசைட். இன்று நிலாவில் பளிச்சென்று தெரிகிற பகுதியெல்லாம் அந்தப் பழைய தோல்தான், சராசரியாக 35 முதல் 45 கிலோமீட்டர் தடிமன்.

இதற்குச் சாட்சி என்ன என்று கேட்டால், எனக்கு யூரோப்பியம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது ஓர் அருமண் தனிமம். நிலாவில் ஆக்சிஜன் தட்டுப்பாடான சூழலில் யூரோப்பியம் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும், அதனால் பிளேஜியோகிளேஸ் படிகம் உருவாகும்போது கால்சியத்தோடு சேர்த்து இதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்ற அருமண் தனிமங்கள் வெளியே குழம்பிலேயே தங்கிவிடும். ஆக, ஆடை உண்மையிலேயே மேலே மிதந்து போயிருந்தால், மேட்டு நிலக் கல்லில் யூரோப்பியம் மிகுதியாகவும், அடியில் எஞ்சியதிலிருந்து பின்னாளில் வந்த பசால்ட்டில் குறைவாகவும் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. மேலே கூடுதலாக இருப்பதும் கீழே குறைவதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. கறுப்புக் கல் உருவாவதற்கு முன்பே வெள்ளைக் கல் பிரிந்து போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அப்புறம் வந்த பயணங்கள் எல்லாம் இதையே உறுதிப்படுத்தின. 1971-இல் அப்போலோ 15-இல் போன ஸ்காட்டும் இர்வினும் ஹேட்லி மலையடிவாரத்தில் ஏறக்குறைய முழுக்க பிளேஜியோகிளேஸாலான ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வந்தார்கள். 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதுள்ள அதை ஆதியாகமக் கல் என்று பத்திரிகைகள் அழைத்தன. ஜப்பானின் ககுயா கலம் பெரிய பள்ளங்களின் நடுக்குன்றுகளில் கிட்டத்தட்டச் சுத்தமான அனார்த்தோசைட் இருப்பதைச் சுற்றுப்பாதையிலிருந்தே கண்டது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக மனிதன் கையில் எடுத்துப் பார்த்த மேட்டு நிலக் கல் எல்லாம் நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்தோ அதை ஒட்டிய நடு அகலாங்குகளிலிருந்தோதான். தெற்கே யாரும் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. சந்திரயான் 3 முக்கியமாகிறது இந்த இடத்தில்.

2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கியது தெற்கு அகலாங்கு 69 டிகிரிக்குச் சற்றுத் தள்ளி, மேட்டு நிலத்தில். பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தூரம் நகர்ந்து, வழியில் 23 இடங்களில் நின்று, ஆல்பா துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் மண்ணின் மேல் பாய்ச்சி, திரும்பி வருகிற எக்ஸ் கதிரை வைத்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்த கருவி அது. 23 இடத்திலும் அளவுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்போலோ 16 கொண்டுவந்த மண்ணுக்கும் சோவியத்தின் லூனா 20 கொண்டுவந்த மண்ணுக்கும் நடுவில் பொருந்துகிற கலவை, அதாவது இரும்பு கலந்த அனார்த்தோசைட். 2024 ஆகஸ்டில் முடிவு வெளியானது. குழம்புக் கடல் உண்மை என்றால் வெள்ளைத் தோல் நிலா முழுவதையும் சுற்றி இருக்க வேண்டும், தெற்கேயும் இருக்க வேண்டும்; இருந்தது. கூடவே மெக்னீசியம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, அதற்குத் தென்துருவ ஏய்ட்கென் என்ற மாபெரும் பள்ளம் உண்டானபோது ஆழத்திலிருந்து தெறித்து வந்து விழுந்த பொருள் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தரையிறங்கியதைப் பார்த்துக் கைதட்டிய எல்லோருக்கும் இந்த முடிவு போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம். அந்தப் பயணத்தின் உண்மையான விளைச்சல் இதுதான்.

நிலாக் கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அதன் நெருங்கிய உறவு நாமக்கல் மாவட்டத்தில் கிடக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழைய அனார்த்தோசைட் தரைக்கு மேலேயே தெரிகிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரி ஒன்று டன் கணக்கில் வேண்டியிருந்தபோது, இஸ்ரோ இந்தக் கல்லைத்தான் எடுத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் இதில் உடனிருந்தார்கள். கல்லை உடைத்து, நிலா மண்ணின் துகள் அளவுக்கு அரைத்து, பெங்களூருக்கு அனுப்பி, சோதனைக் கூடத்தில் பரப்பி அதன் மேல் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பூமியில் அனார்த்தோசைட் வேறு இடங்களிலும் உண்டு, ஆனால் கால்சியம் இவ்வளவு மிகுந்த வகை அபூர்வம், அதுதான் நிலாவோடு ஒத்துப்போகிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்: சித்தம்பூண்டிக் கல்லில் ஹார்ன்பிளெண்ட் என்ற கறுப்புக் கனிமம் புள்ளி புள்ளியாக இருக்கும், அதன் படிகத்துக்குள் ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒவ்வொன்று சேர்ந்த நீரின் உறவு, அடைபட்டிருக்கிறது. அப்போலோ 16 கல்லில் அதைத் தேடினால் கிடைக்காது. நிலாவினுடையது வறண்ட இடத்தில் பிறந்த கல், நம்முடையது ஈரமான கோளில் பிறந்து ஆழத்தில் வெந்து வந்த கல்.

சரி, கறுப்புக்கு வருவோம். தோல் படிந்து பல கோடி ஆண்டுகள் போன பிறகு, அடியில் இருந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் சூட்டில் உள்ளே மறுபடி உருகல் நடந்தது. அந்தக் குழம்பு வெடிப்புகள் வழியே மேலேறி, பெரிய மோதல்கள் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்த அகன்ற குழிகளை நிரப்பியது. இரும்பு மிகுந்த குழம்பு என்பதால் பூமியின் எரிமலைக் குழம்பைவிட மிகவும் நீர்த்தது. கூம்பு மலையாகக் குவியாமல் ஓடிப் பரவியது. மழைக் கடலில் ஒரே ஓட்டம் 1,200 கிலோமீட்டர் தூரம் போயிருப்பது படங்களில் தெரிகிறது, கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய விசாகப்பட்டினம் போய் நிற்கும் தூரம் அது. பெரும்பாலான பசால்ட் 390 கோடியிலிருந்து 310 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தது. அதற்குப் பிறகு நிலா அடங்கிவிட்டது என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். 2020 டிசம்பரில் சீனாவின் சாங்கே 5 புயல் பெருங்கடலின் வடக்கிலிருந்து 1,731 கிராம் கொண்டுவந்தது, அதிலிருந்த பசால்ட்டின் வயது 200 கோடி ஆண்டுதான். பூமியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உற்பத்தி செய்துகொண்டிருந்த காலத்தில்கூட நிலாவில் குழம்பு ஓடியிருக்கிறது. இவ்வளவு சின்னக் கோளம் அவ்வளவு நாள் சூட்டை எப்படித் தக்கவைத்தது என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விளக்கம் வரவில்லை.

கறுப்பிலும் ஒரே கறுப்பு கிடையாது. அமைதிக் கடலின் பசால்ட்டில் இல்மனைட் நிறைய, அதாவது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிற அதே டைட்டானியக் கனிமம். அதன் அருகிலேயே இருக்கும் தெளிவுக் கடலில் அது குறைவு. நிலாவின் படத்தை எடுத்து நிறத்தை மட்டும் பலமடங்கு கூட்டினால் அமைதிக் கடல் நீலம் ஓடியும் தெளிவுக் கடல் பழுப்பு ஓடியும் நிற்கும். அதைப் பலர் கணினி வித்தை என்று நினைக்கிறார்கள், அது உண்மையான வேதியியல் வேறுபாடு. டைட்டானியம் உள்ள பகுதி நீலம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் நிலாவில் கால்வைத்த ஒரே புவியியலாளர். ஷார்ட்டி என்ற சிறு பள்ளத்தின் விளிம்பில் காலால் மண்ணைக் கிளறியபோது ஆரஞ்சு நிறம் தெரிந்தது. சாம்பலைத் தவிர வேறு நிறமே இல்லாத இடத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொண்டுவந்து பார்த்தபோது அது மிகச் சிறிய கண்ணாடி மணிகள்; 360 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரூற்று மாதிரிப் பீறிட்ட குழம்பு காற்றில்லாத வெளியில் துளித்துளியாக உறைந்தது. 2008-இல் இதேபோன்ற கண்ணாடி மணிகளுக்குள் சிறிதளவு நீர் அடைபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், நிலாவின் உள்பகுதி எலும்பு வரை வறண்டது என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது.

மறுபக்கத்தில் ஏன் கறுப்பு இல்லை? 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 முதல் படங்களை அனுப்பியபோதே எழுந்த கேள்வி இது. அங்கே தோல் தடிமன் அதிகம், குழம்பு மேலே வருவது கடினம் என்பது ஒரு காரணம். பொட்டாசியம், அருமண், பாஸ்பரஸ், தோரியம் எல்லாம் செறிந்த கடைசி எச்சக் குழம்பு நம் பக்கத்திலேயே, புயல் பெருங்கடலை ஒட்டிக் குவிந்து அங்கே மட்டும் சூடு மிச்சமிருந்தது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை, ஆனால் அந்தக் குவியல் ஏன் ஒரே பக்கம் நடந்தது என்பதுதான் சிக்கல். 2024 ஜூனில் சாங்கே 6 மறுபக்கத்திலிருந்து முதல்முறையாக மண் கொண்டுவந்திருக்கிறது, 1,935 கிராம். அதிலும் 280 கோடி ஆண்டு வயதுள்ள பசால்ட் கிடைத்தது. ஆக மறுபக்கமும் முழுசாக உறங்கவில்லை. மறுபக்கத்தை இருண்ட பக்கம் என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அங்கும் பதினான்கு நாள் வெயில் அடிக்கிறது.

பள்ளங்கள் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. எரிமலை வாய்கள் என்றே 1950-கள் வரை பலர் நம்பினார்கள். ஏறக்குறைய எல்லாப் பள்ளமும் வட்டமாக இருப்பதுதான் அவர்கள் வாதம், சாய்வாக வந்து விழும் கல் நீள்வட்டமாகத் தோண்டாதா என்று கேட்டார்கள். விநாடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கல் தரையைத் தோண்டுவதில்லை, தரைக்குள் புகுந்து வெடிக்கிறது; வெடிப்பு எந்தத் திசையில் வந்தாலும் வட்டமாகத்தான் விரியும். கிடையாக உரசிக்கொண்டு வந்தால் மட்டுமே நீளும். கல்லின் அளவைப் போல் பத்து, இருபது மடங்கு அகலப் பள்ளம் உண்டாகும். சின்னப் பள்ளம் கிண்ணமாக நிற்கும். 15, 20 கிலோமீட்டரைத் தாண்டினால் சுவர்கள் படிப்படியாகச் சரிந்து, நடுவில் தரை மேலெழும்பிக் குன்றாக உறைந்துவிடும். அந்த நடுக்குன்று ஆழத்துக் கல்லை மேலே கொண்டுவந்து காட்டுவதால்தான் புவியியலாளர்கள் அதையே தேடுகிறார்கள். இன்னும் பெரிதானால் வளையத்துக்குள் வளையம், நிலாவின் மேற்கு ஓரத்தில் 930 கிலோமீட்டர் அகலமுள்ள ஓரியன்டேல் அப்படி. எல்லாவற்றிலும் பெரியது மறுபக்கத்துத் தென்துருவ ஏய்ட்கென், ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் அகலம், 6 முதல் 8 கிலோமீட்டர் ஆழம்.

நிலாவின் பசால்ட் பரப்பில் கல் மோதினால் எப்படியிருக்கும் என்று பூமியிலேயே பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரிக்குப் போகலாம். 1.8 கிலோமீட்டர் அகலம், தக்காணப் பசால்ட்டில் விண்கல் போட்ட பள்ளம். பசால்ட்டில் கெடாமல் நிற்கும் மோதல் பள்ளம் உலகத்தில் மிகக் குறைவு, அதனால் நிலா ஆய்வாளர்கள் இங்கே வந்து மாதிரி எடுத்துப் போகிறார்கள்.

நிலாவின் தெற்கில் டைக்கோ என்ற 85 கிலோமீட்டர் பள்ளம் இருக்கிறது. அதிலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கோடுகள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஓடுகின்றன. வயது ஏறக்குறைய 11 கோடி ஆண்டுதான், டைனோசர் காலத்து மோதல். நிலாவின் கணக்கில் நேற்று நடந்தது. கோடுகள் ஏன் வெள்ளை என்றால் அது புது மண். அனார்த்தோசைட் உள்ளபடியே நல்ல வெள்ளை, ஆனால் சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) நுண்விண்கற்களும் இடைவிடாமல் அடிப்பதால் மண்துகள்களின் மேல் கண்ணுக்கெட்டாத அளவு இரும்புத் துகள் படிந்து நாளடைவில் கருத்துப்போகிறது. நிலா மேல் விழும் ஒளியில் சராசரியாக 12 சதவீதம்தான் திரும்பி வருகிறது. கறுப்பு வானத்தின் நடுவில் தனியாக நிற்பதால்தான் நமக்கு அது வெள்ளி மாதிரித் தெரிகிறது. 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸுக்கு வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு, அதன் கோடுகள் பாதி மங்கிவிட்டன.

மண் என்று சொல்கிறோமே தவிர, அதில் மக்கிய இலையோ உயிரோ ஒன்றும் கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லைக் கல் இடித்து உண்டான தூள், கடல்களில் 4, 5 மீட்டரும் மேட்டு நிலத்தில் 10, 15 மீட்டரும் ஆழம். சராசரித் துகள் 60, 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கூர்மையாகவே இருக்கிறது, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கிறது, அதனால்தான் பூட்ஸ் தடம் விளிம்பு உடையாமல் அச்சாக நின்றது. அதே கூர்மைதான் ஆபத்தும். அப்போலோ ஆட்களின் உடையை அது அராவியது, கலத்துக்குள் வந்ததும் வெடித்த துப்பாக்கி மருந்து வாசனை அடித்தது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், ஷ்மிட்டுக்கு மூக்கடைத்துச் சளிக்காய்ச்சல் போல வந்துவிட்டது. நிலாவில் ஆள் தங்கப் போகிறார்கள் என்றால் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இந்தத் தூசுதான், ராக்கெட் அதற்கு அப்புறம். இந்தத் தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு, சூடு கடத்தாது. விக்ரமின் வெப்பக் கருவி மேலே 50 டிகிரிக்கு மேல் காட்டியது, 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10.

தனிமக் கணக்கு வேண்டுமென்றால்: எடையில் ஏறக்குறைய 43, 44 சதவீதம் ஆக்சிஜன், எல்லாம் கல்லுக்குள் கட்டுண்டது. அடுத்து சிலிக்கன் 20 சதவீதம் அளவில். அதற்கப்புறம் இடத்துக்கு இடம் மாறும், மேட்டு நிலத்தில் அலுமினியமும் கால்சியமும் அதிகம், கடல்களில் இரும்பும் டைட்டானியமும். இல்லாதது என்ன என்பது இன்னும் முக்கியம். சோடியம், பொட்டாசியம், துத்தநாகம் போல எளிதில் ஆவியாகிற தனிமங்கள் பூமியைவிடக் குறைவு. உள்ளே இரும்பு உட்கருவும் மிகச் சின்னது, ஆரம் 350 கிலோமீட்டருக்குள். அதனால்தான் நிலாவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.34 கிராம், பூமிக்கு 5.51. ஆனால் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள் கலந்திருக்கும் விகிதம் மட்டும் பூமியும் நிலாவும் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்று. பூமியின் மேல்பகுதியைப் பெரிய கோள் ஒன்று வந்து மோதிப் பிய்த்தெறிந்த பொருளில்தான் நிலா பிறந்தது என்ற கருத்து இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் நிற்கிறது. குழம்புக் கடலுக்கு வேண்டிய சூடும் அதில்தான் கிடைத்தது.

தண்ணீர் பற்றி. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 1, 2008 அக்டோபர் 22-இல் புறப்பட்டது. அதில் நாசா வைத்த எம்3 என்ற நிறமாலைக் கருவி 2.8 மைக்ரான் அலைநீளத்தையொட்டிய ஒளி உறிஞ்சப்படுவதைப் பார்த்தது, அது நீரின் அடையாளம், 2009 செப்டம்பரில் வெளியானது. அது குளமோ ஓடையோ கிடையாது, மண்துகளின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சிலும் நீர் மூலக்கூறும்; துருவம் நோக்கிப் போகப் போகக் கூடுகிறது. துருவத்துப் பள்ளங்களின் அடியில் இருப்பது வேறு கதை. நிலாவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் சில பள்ளங்களுக்குள் வெயிலே விழுந்ததில்லை, மைனஸ் 200-க்கும் கீழே கிடக்கின்றன. 2009 அக்டோபர் 9-இல் நாசா எல்கிராஸ் என்ற பயணத்தில் ராக்கெட்டின் காலி அடுக்கைக் கேபியஸ் என்ற பள்ளத்தில் வேண்டுமென்றே மோதவிட்டு, கிளம்பிய புழுதியை அளந்தது. எடையில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் நீர். அதே எம்3 தரவைத் துருவி 2020-இல் இன்னொன்றும் கண்டார்கள்: உயர் அகலாங்குகளில் ஹேமடைட், அதாவது துரு. காற்றே இல்லாத இடத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்றால், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்த வாலில் கசிந்து போன நம் வளிமண்டல ஆக்சிஜனாக இருக்கலாம் என்கிறார்கள், துரு நம்மைப் பார்த்த பக்கத்தில் கூடுதலாக இருப்பது அதற்குப் பொருந்துகிறது.

அணு இணைவு உலைக்கு எரிபொருளாகும் என்று பேசப்படுகிற ஹீலியம்-3 பற்றியும் கேட்பார்கள். இருக்கிறது, சூரியக் காற்று கொண்டுவந்து மண்ணில் பதித்தது. ஆனால் நூறு கோடியில் பத்து, பதினைந்து பங்கு என்ற அளவில். ஒரு டன் மண்ணைச் சூடாக்கினால் பத்துப் பதினைந்து மில்லிகிராம் கிடைக்கும், அதை எரிபொருளாக்கும் உலையும் இன்னும் கிடையாது. இதை நம்பி நாளைக்கே நிலாவில் சுரங்கம் வரும் என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் சொந்தக் கண்ணால் பார்க்க ஒரு சாதாரண பைனாகுலர் போதும். பள்ளமும் மலையும் பார்க்கப் பௌர்ணமி ஏற்றதில்லை, அன்று நிழல் விழாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி ஒளியும் இருளும் பிரியும் கோட்டைப் பாருங்கள், மழைக் கடலின் கரையாக நிற்கும் அப்பினைன் மலைத்தொடர் தெரியும், அதில் 5 கிலோமீட்டரைத் தாண்டிய உச்சிகள் உண்டு. இரண்டு நாள் கழித்துத் தசமியில் கோப்பர்நிக்கஸ் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பௌர்ணமி டைக்கோவின் கோடுகளுக்கும், வெள்ளைக் கல் கறுப்புக் கல் எல்லைகளுக்கும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், புத்தகப் படங்கள் வடக்கை மேலே வைத்துப் போட்டவை. நம் ஊரில் நிலா கிழக்கே எழும்போது வடக்கு இடப்பக்கமாகப் படுத்துவிடும், ஆகவே மாலையில் தனியாக ஒரு முட்டை வடிவத் திட்டாகத் தெரியும் நெருக்கடிக் கடலை மேற்புறத்திலும், டைக்கோவை வலப்பக்கத்திலும் தேடுங்கள். விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது இது அப்படியே தலைகீழ்.